பத்து நிமிஷ ஆயிலும் முள்ளம்பன்றி மாப்பிள்ளையும்

ஒரு காட்டுல ரோடு போட்டுட்டாங்க பிள்ளைகளா. ரோடு வந்தா என்ன வரும்? வண்டி வரும். வண்டி வந்தா? ஹாரன் வரும், தூசி வரும், "யோவ், பாத்துப் போய்யா!" வரும். எல்லாம் வந்துச்சு.

அந்தக் காட்டுக்கே ஒரே ஒரு மஞ்ச வேன். அதை ஓட்டினது ஒரு முள்ளம்பன்றி. பேரு ஈட்டிமுத்து. தங்கமான பையன். கிழட்டு முயல் வந்தா கையைப் புடிச்சு ஏத்தி விடுவான். ஆனா பொறுமை மட்டும் பொட்டு கூடக் கிடையாது. நத்தை ஏறுறதுக்குள்ள, "அண்ணே, ஏறுறீங்களா, இல்ல படியிலயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"ன்னு கத்துவான். "கொஞ்சம் இருப்பா"ன்னு யாராச்சும் சொல்லிட்டா போதும், முதுகு முள்ளு அம்புட்டும் சரசரன்னு எந்திரிச்சு நிக்கும். அதனால அவன் பக்கத்து சீட்டு எப்பவும் காலி.

அப்பேர்ப்பட்டவனுக்குப் பொண்ணு பாத்தாங்க. மலைக்கு அந்தப் பக்கம் கூரழகின்னு ஒரு முள்ளம்பன்றிப் பொண்ணு. அவ அப்பா ஊசியப்பன் சொல்லி அனுப்பினாரு:

"வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ள, ராகு காலத்துக்கு முந்தி வந்து பொண்ணப் பாக்கட்டும். புடிச்சிருந்தா இந்த ஆனியிலயே கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓடுற வண்டி இருக்குல்ல, அது போதும். ஓடுதுல்ல?"

"ஓடுறதா? பறக்குது மாமா!"ன்னு பதில் போச்சு.

வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. சொந்தக்காரப் பெருசுங்க எல்லாம், இவன் ஓட்டுற வேகத்துக்குப் பயந்து, முந்தின நாளே நடந்து போயி பொண்ணு வீட்டுல பஜ்ஜி தின்னுட்டு இருந்தாங்க. ஈட்டிமுத்து குளிச்சான், முள்ளுக்கு எண்ணெய் தேச்சு வாரினான், பூ, பழம், வெத்தலைத் தட்டைப் பக்கத்து சீட்டுல வச்சான், சாவியைத் திருகினான்.

கடகடகடகட!

"ஐயய்யோ! இந்தச் சத்தத்தோட பொண்ணு வீட்டு வாசல்ல போய் நின்னா மானம் போயிருமே!"

நேரா மெக்கானிக் ஆமை அடைக்கலத்துக்கிட்ட விட்டான். அடைக்கலம் காதை வேன் மேல வச்சாரு. வச்சாரு... வச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் குச்சியை உருவி, ஆயிலைத் தொட்டு, மோந்து பாத்தாரு.

"ஆ...யில் பழசாயிருச்சு தம்பி. மா...த்தணும். சாயங்காலம் வா."

"சாயங்காலமா? பத்தரைக்குப் பொண்ணு பாக்கணும்ணே!"

"அப்ப இப்படியே போ. மெ...துவா போ. இந்த ஆயிலே இன்னிக்குத் தாங்கும். நா...ளைக்குக் கொண்டா."

"கடகடன்னு போகச் சொல்றீங்களா?"

"பொண்ணு உன்னைப் பாக்கப் போகுதா, இன்ஜினைப் பாக்கப் போகுதா?"

ஈட்டிமுத்துக்கு முள்ளு எந்திரிச்சிருச்சு. "நீங்க ஒரு வாக்கியம் முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான்!"னு சொல்லிட்டு வேனை எடுத்துட்டான்.

ரோட்டு முக்குல புதுசா ஒரு கடை. பெரிய போர்டு. "பத்தே நிமிஷம்! ஆயில் மாத்துறோம்! இறங்கவே வேண்டாம்!" கடை முழுக்கக் குரங்குங்க. தலைவன் பேரு தாவுராசு. கழுத்துல ஒரு மணி தொங்குது.

"வாங்க சார், வாங்க சார், உக்காந்தே இருங்க சார்!"

"உக்காந்தே இருங்க சார்!"னு அத்தனை குரங்கும் சொல்லுச்சு. அது அந்தக் கடை வழக்கம். ஒருத்தன் ஒண்ணு சொன்னா எல்லாரும் அதையே சொல்லணும். குரங்குக்குச் சொல்லியா குடுக்கணும்?

"எதுக்குப்பா எல்லாரும் கத்துறீங்க?"ன்னு கேட்டான் ஈட்டிமுத்து.

"ஒரு வேலை கூட விட்டுப் போகக் கூடாதுல்ல சார், அதுக்குத்தான்!"

"அதுக்குத்தான்!"

ஈட்டிமுத்துக்கு உச்சி குளிர்ந்து போச்சு. அடடா, என்னா சுறுசுறுப்பு! ஒண்ணு வேனுக்குக் கீழ குழிக்குள்ள குதிச்சிச்சு. ஒண்ணு பானெட்டைத் தூக்குச்சு. ஒண்ணு கண்ணாடி தொடைச்சிச்சு. ஒண்ணுக்கு வேலை கிடைக்கல, அது ஈட்டிமுத்துக்கே விசிறி விட்டுச்சு.

இங்கதான் நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும் பிள்ளைகளா. இன்ஜினுக்கு அடியில ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழட்டினாத்தான் பழைய ஆயில் இறங்கும். திரும்ப மாட்டி இறுக்கினாத்தான் புது ஆயில் நிக்கும். சின்ன போல்ட்டுதான். சுண்டுவிரல் தண்டி.

குழிக்குரங்கு போல்ட்டைக் கழட்டுச்சு. பழைய ஆயில் கொழகொழன்னு இறங்குச்சு. திரும்ப விரலால ரெண்டு திருகு திருகி மாட்டுச்சு. இறுக்கணும்ல, ஸ்பானரைத் தேடுச்சு. ஸ்பானர் எங்க? மேல ஒரு குரங்கு அதை வச்சு முதுகு சொறிஞ்சுட்டு இருக்கு.

அதுக்குள்ள தாவுராசு ஜன்னல்ல தொங்கிட்டு, "சார், பில்டர் தூசி சார், மாத்திரலாமா? வைப்பர் தேஞ்சிருச்சு சார், மாத்திரலாமா? ரேடியேட்டர்ல பாசி சார், மீனே வளக்கலாம் சார்!"னு அடுக்குறான்.

"அதெல்லாம் வேணாம்! மணி ஏழே முக்கால், சீக்கிரம் விடுய்யா!"

"சரி சார்! டேய், புது ஆயில் ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு!"

"போல்ட் டைட்டா?"

மேல ஆயில் ஊத்தின குரங்கு, "டைட்டு!"ங்குச்சு. கண்ணாடி தொடைச்சது, "டைட்டு!" விசிறி வீசினது, "டைட்டு!" குழிக்குள்ள இருந்தது இதைக் கேட்டுச்சு. இத்தனை பேரு சொல்றாங்க, நாம மட்டும் இல்லேன்னா நல்லா இருக்குமா? அதுவும், "டைட்டு!"ன்னுச்சு.

டிங்! மணி அடிச்சாச்சு. ஆளுக்கொரு வாழைப்பழம்.

வேன் கிளம்புச்சு பாருங்க, சத்தமே இல்ல. வெண்ணெய்ல விட்ட கத்தி மாதிரி போச்சு. ஆமைக் கடையைத் தாண்டும்போது ஈட்டிமுத்து தலையை வெளிய நீட்டி, "அண்ணே, பத்து நிமிஷம்ணே! ப...த்...து நிமிஷம்!"னு ஆமை குரல்லயே கத்திட்டுப் போனான்.

அடைக்கலம் நிமிந்து பாக்குறதுக்குள்ள வேன் மலை ஏறிருச்சு.

மலையில மேடும் பள்ளமும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கீழ அந்த போல்ட் ஒரு சுத்து, ஒரு சுத்து. நாலாவது வளைவுல ஒரு குழி. தடால்! போல்ட் ஒரு பக்கம், வேன் ஒரு பக்கம். புது ஆயில் ரோட்டுக்குக் கருப்புக் கரை போட்டுட்டே வந்துச்சு.

வேன்ல ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சு. எண்ணெய்க் கிண்ணம் மாதிரி படம் போட்ட விளக்கு.

"ஏய், உனக்கு வேற வேலை இல்ல? இப்பத்தானே வயிறு முட்ட ஊத்தினாங்க!"ன்னு அதை அதட்டினான் ஈட்டிமுத்து.

விளக்கு அணையல. நிறுத்தி, இறங்கி, குனிஞ்சு பாத்திருந்தா ரெண்டு நிமிஷம். மணி ஒம்பதே கால். நம்மாளு நிறுத்துவானா? தட்டுல இருந்து ஒரு வெத்தலையை எடுத்து, நாக்குல நனைச்சு, விளக்கு மேல ஒட்டிட்டான்.

"இப்ப எரி பாப்போம்!"

இன்னும் ரெண்டு வளைவு. அப்புறம் இன்ஜின் கர்...ருன்னுச்சு. கிர்...ருன்னுச்சு. டொக்குன்னு நின்னுச்சு.

சாவியைத் திருகினான். ஒண்ணுமில்ல. கெஞ்சினான். ஒண்ணுமில்ல. "என் ராசால்ல, என் செல்லம்ல, இன்னும் ஒரே ஒரு எறக்கம்டா"ன்னு ஸ்டியரிங்குக்கு முத்தம் கொடுத்தான். ஒண்ணுமே இல்ல. நடந்து போகலாம்னா ரெண்டு மணி நேரம் ஆகும். பத்தரை ஆச்சு. ராகு காலம் பொறந்துச்சு. அவன் படியில உக்காந்து, தலையில கையை வச்சான், கை முழுக்கக் குத்திக்கிட்டான்.

பதினொண்ணரைக்கு எதிர்த்தாப்புல ஒரு டிராக்டர் வந்துச்சு. ஓட்டிட்டு வந்தது ஒரு பொண்ணு. பட்டுப் பாவாடை, முள்ளுக்கு ஒரு மல்லிகைப்பூன்னு குத்தி வச்சிருக்கா. கூரழகியேதான்!

"பறக்குற வேன் இதானுங்களா?"ன்னு கேட்டா.

ஈட்டிமுத்து படியில இருந்து எந்திரிச்சான். "ஆமாங்க... இப்ப கொஞ்சம் உக்காந்திருக்குதுங்க."

"அப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்குறாரு. உங்க பெரியப்பா நாப்பது பஜ்ஜி சாப்பிட்டுட்டாரு. அதான் நானே பாத்துட்டு வரேன்னு வந்தேன்." வேனுக்குள்ள தலையை விட்டா. "இதென்ன, விளக்குல வெத்தலை?"

"அது... செவப்பா எரிஞ்சுச்சுங்க."

"வண்டி தாகத்துல கத்தியிருக்கு. நீங்க அது வாயில வெத்தலையைத் திணிச்சிருக்கீங்க."

சொல்லிட்டு, பட்டுப் பாவாடையைச் செருகிக்கிட்டு, குனிஞ்சு வேனுக்கு அடியில பாத்தா. "இங்க ஒரு ஓட்டை இருக்கு. போல்ட் எங்கங்க?"

"டைட்டா இருக்குன்னாங்களே!"

"யாரு?"

"குரங்குங்க. ஒண்ணு ரெண்டு இல்லீங்க, மொத்தக் கடையும் சொல்லுச்சு!"

"சொன்னது எத்தனை பேரு?"

"பத்துப் பேரு."

"ஸ்பானரைப் புடிச்சது?"

ஈட்டிமுத்து யோசிச்சான். முதுகு சொறிஞ்ச குரங்கு ஞாபகம் வந்துச்சு.

கூரழகி டிராக்டரை வேனுக்குப் பின்னால கொண்டு போய், கயித்தைக் கட்டி, மலை இறக்கத்துல பதமா இழுத்துட்டுப் போனா. மொதல்ல குரங்குக் கடைக்கே கொண்டு போய் நிறுத்தினா. ஈட்டிமுத்து ஆத்திரமா இறங்கி, "யோவ் தாவுராசு! போல்ட் கழண்டு இன்ஜினே போச்சுய்யா!"ன்னான்.

"அதெப்படி சார் போகும்? எல்லாரும் டைட்டுன்னுதானே சொன்னோம்?"

"சொன்னோம்!"னுச்சு மொத்தக் கூட்டமும், வாழைப்பழத்தோட.

அங்கிருந்து திரும்பி அடைக்கலம் கடைக்கு வந்து சேந்தாங்க. பொண்ணைத் தேடிப் பின்னாலயே ஊசியப்பனும் மூச்சு வாங்கிட்டு வந்துட்டாரு. அடைக்கலம் கேலி பண்ணல. வேனுக்குக் கீழ போனாரு, வெளிய வந்தாரு, கையைத் துடைச்சாரு.

"ஆயில் இல்லாம ஓடி உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு புடிச்சுக்கிச்சு. மொ...த்தமும் பிரிக்கணும். நாப்பத்தஞ்சு நாளு."

ஊசியப்பன் விரல் விட்டு எண்ணினாரு. "ஆனி போச்சு. ஆடியில கல்யாணம் கிடையாது. ஓடுற வண்டின்னு சொல்லித்தான் நான் பேசினேன். வண்டி ஓடட்டும், மத்ததை அப்புறம் பேசலாம். இந்தப் பையனே வேணுமான்னும் யோசிக்கலாம்."

ஈட்டிமுத்து முகம் சுண்டைக்காயாச் சுருங்கிப் போச்சு. கூரழகியைப் பாத்தான்.

அவ அவனையும் பாத்தா, வேனையும் பாத்தா. "ஆவணியில நாள் பாருங்கப்பா. ஆளு அவசரக்குடுக்கைதான். ஆனா வேனுக்கு முத்தம் கொடுத்து ஸ்டியரிங்கெல்லாம் எச்சி. பாசம் இருக்கு, பதம்தான் இல்ல. எனக்கு அவசரமில்ல." அவன் பக்கம் திரும்பி, "உங்களுக்குங்க?"ன்னு கேட்டா.

பாவம், பொறந்ததுல இருந்து சொல்லாத வார்த்தை. தொண்டையில சிக்கி, இருமி, கடைசியில வெளிய வந்துச்சு:

"எனக்கும்... இல்லீங்க."

நாப்பத்தஞ்சு நாளும் ஆமைக் கடையில, வேனுக்கு அடியில மல்லாந்து படுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் அவனே இறுக்கினான். அரை நாளை மிச்சம் புடிக்கப் போனவன் கல்யாணத்தையே ஆவணிக்குத் தள்ளிட்டான். நமக்கும் கல்யாணச் சாப்பாடு தள்ளித்தான் போச்சு, என்ன பண்றது!

நீதி: ஆச்சு ஆச்சுன்னு பத்து வாய் சொன்னாலும், கை வச்சு இறுக்கினது யாருன்னு குனிஞ்சு பாத்துட்டுக் கிளம்பு.