அப்பன் வயிற்றுச் சினை

அந்தக் காலத்தில் மீனுக்குப் பேச வாய் இருந்தது. அதைக் கேட்க மனிதனுக்குக் காது இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. அது போகட்டும்.

ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு காயல். சுற்றிலும் அலையாத்திக் காடு. காயலிலிருந்து கடலுக்குப் போக ஒரே வழி, முகத்துவாரம். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து மணலை அறுத்து அதைத் திறக்கும். வெள்ளம் வடிந்ததும் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி மூடிவிடும். திறந்திருக்கும்போது போனால்தான் உண்டு.

அந்தக் காயலில் கொடுவா மீன்கள் இருந்தன. அப்போதெல்லாம் கொடுவாவில் ஆண் ஆணாகப் பிறக்கும், பெண் பெண்ணாகப் பிறக்கும், சாகிற வரை அப்படியே இருக்கும். வெள்ளம் வந்ததும் சினை பிடித்த பெண்கள் முதலில் வெளியே போவார்கள். கொடுவா முட்டை உப்புத் தண்ணீரில்தான் மிதக்கும். நல்ல தண்ணீரில் விட்டால் அடியில் போய்ச் செத்துவிடும். பெண்கள் போய் உப்பில் காத்திருக்க, பின்னால் ஆண்கள் மாப்பிள்ளை ஊர்வலமாக வரவேண்டும். இதுதான் வழக்கம்.

ஒரு வருஷம் வாடைக்காற்று முன்கூட்டியே அடித்தது. தண்ணீர் சில்லிட்டுப் போயிற்று. வெள்ளமும் குறைச்சல். பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றுவிட்டார்கள். ஆண்கள் போகவில்லை. ஊர்வலத்தில் முன்னால் போவது யார் என்று தகராறு.

காயலின் கிழக்குக் கிளையான கீழைக் கழிக்குத் தலைவன் கருந்துடுப்பன். காயலிலேயே பெரிய உடம்பு அவனுக்குத்தான். மேலைக் கழிக்குத் தலைவன் வெள்ளையன். வாய் பெரிது.

"எங்க பாட்டன் காலத்திலிருந்து முதல் மரியாதை எங்களுக்குத்தான்" என்றான் கருந்துடுப்பன்.

"உங்க பாட்டன் நண்டு வளைக்குள்ள தலையை விட்டுச் செத்தவன். அவன் பேரைச் சொல்லிக்கிட்டு முன்னால போகணுமா?"

"யாருடா நண்டு வளையில செத்தது?"

வாலால் அடித்துக்கொண்டார்கள். சேறு கலங்கியது. அடங்கியதும் மறுபடி முதலிலிருந்து பேச்சு.

முகத்துவாரத்தில் உலகாயி என்றொருத்தி கையால் தடவி இறால் பிடிப்பாள். இறாலைப் போட ஓலைப் பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வாள். பேச வேண்டுமென்றால் கயிற்றை விடவேண்டும், விட்டால் பறி கவிழும். அதனால் வீண் பேச்சு கிடையாது.

கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவள் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்: "ஏ மாப்பிள்ளைங்களா, இன்னும் கிளம்பலையா?"

"பேச்சு நடக்குது ஆத்தா" என்றான் வெள்ளையன்.

கயிற்றைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த முறை அதே இடத்தில் தண்ணீர் அவள் இடுப்பில் இருந்தது.

"அடேய், மணல் ஏறிக்கிட்டே வருது. அங்க பொண்ணுங்க வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குதுங்க."

"அவன் ஒதுங்கட்டும், நான் போறேன்."

"நான் ஏன்டா ஒதுங்கணும்?"

அதற்கும் பிறகு ஒரு காலையில் தண்ணீர் அவள் கணுக்காலில் நின்றது. இந்தத் தடவை கயிற்றைக் கையில் வாங்கவில்லை. அப்படியே விட்டாள். இறாலெல்லாம் துள்ளி ஓடியது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"முகம் அடையுதுடா! ஓடுங்கடா பாவிங்களா!"

ஓடினார்கள். இரண்டு தலைவர்களும் ஒன்றாக ஓடினார்கள். ஒரு மீன் போகிற வழியில் இரண்டு மீன் தலையைக் கொடுத்து, தோளோடு தோள் சிக்கி, அப்போதும் ஒருவனும் பின்வாங்கவில்லை. ஓர் அலை மணலை அள்ளிக்கொண்டு வந்து இருவர் மேலும் கொட்டியது. மூச்சு முட்டிப் பின்னால் உருண்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் வழி இல்லை.

உலகாயி குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் தோண்டினாள். தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. கடைசியில் எழுந்து, காலிப் பறியை எடுத்துக்கொண்டு போனாள்.

மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் வெகு நாள் குரல் கேட்டது. அதிகம் கேட்டது செங்கண்ணியின் குரல். கருந்துடுப்பனின் பெண்டாட்டி.

"வர்றீங்களா, இல்லையா?"

"இந்தா வந்துட்டோம்" என்று இவன் இந்தப் பக்கமிருந்து கத்துவான்.

வெயில் காலம் வந்தது. சினை வாசனைக்குச் சுறாக்கள் வந்தன. ஒவ்வொரு குரலாக நின்றது. பிறகு அலைச் சத்தம் மட்டும்தான். காயலில் யாரும் மரியாதையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த மழைக்கு வெள்ளம் வந்து வழி திறந்தது. முன்னால் போக இப்போது ஆளில்லை. கருந்துடுப்பன்தான் போனான்.

வெளியே வெறும் தண்ணீர். ஒரு பாறை இடுக்கில் செங்கண்ணி மட்டும் கிடந்தாள். வாலில் பாதி இல்லை.

"மத்தவங்க?"

"சுறா."

"எல்லாருமா?"

"எப்ப வந்து கேக்குறே பாரு."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவளுக்கு அழவோ திட்டவோ நேரமில்லை.

"பழசெல்லாம் கரைஞ்சு போச்சு. இப்ப புதுசா ஒரு சினை பிடிச்சிருக்கு. இன்னும் முத்தலை. பௌர்ணமி வரைக்கும் ஒரு வயித்துல இருக்கணும். நான் தாங்கமாட்டேன். வாங்கிக்க ஆள் கூப்பிடு."

"ஆளா? இங்க ஆம்பளைங்கதானே இருக்கோம்."

"ஆம்பளைக்கு வயிறு இல்லையா?"

கூப்பிட்டான். எல்லாரும் வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். வெள்ளையன் தன் அக்காள் மகன் ஒருவனை முன்னால் தள்ளினான். ஒல்லி. மறுத்துப் பேசத் தெரியாதவன். செங்கண்ணி வெளியே தள்ளிய சினைப்பையை அவன் விழுங்கினான். வயிறு பானை மாதிரி ஆயிற்று. நீந்த முடியவில்லை, செவுள் அடைத்தது, மல்லாந்து போனான். செங்கண்ணி பதறி, "கக்குடா, கக்கு! செத்துப்போவே!" என்றாள். கக்கினான். சினை தப்பியது, அவனும் தப்பினான்.

"சின்ன உடம்பு தாங்காது" என்றாள் செங்கண்ணி. "பெரிய ஆளு யாராவது வாங்க."

எல்லாரும் வெள்ளையனைப் பார்த்தார்கள்.

"எனக்கு முதுகுல ஒரு பிடிப்பு" என்றான் வெள்ளையன். "அதுவுமில்லாம, நாளைக்கு நம்ம ஊர்ல தலை நிமிர்ந்து நீந்த முடியுமா?"

"ஊரா? எந்த ஊரு?" செங்கண்ணி சிரித்தாள். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் ரத்தம் போயிற்று. "நீங்கதான் கடைசி. ஒவ்வொருத்தனா கிழடாகிச் சாவீங்க. அப்புறம் இந்தக் காயல்ல கொடுவான்னு ஒரு பேர்கூட இருக்காது."

கருந்துடுப்பன் மெல்லக் கிட்டே வந்தான்.

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"சினையை வாங்கினா பொம்பளையாயிடுவேனே. அப்புறம் மறுபடி ஆம்பளையாவேனா?"

"தெரியாது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

பிறகு வாயைத் திறந்து சினையை விழுங்கினான். அது உள்ளே போய் இடம் பிடிக்கும்வரை செங்கண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் இருந்த சிவப்பு மெல்ல அவிந்தது.

அவளைப் பாறையிலேயே விட்டுவிட்டு வந்தான். துக்கம் கொண்டாட முடியவில்லை, அப்படிப் பசித்தது. வாய்க்கு வந்த இறாலையெல்லாம் தின்றான். பாதி தூக்கத்தில் உள்ளே ஏதோ நகர்வதுபோல் இருக்கும், விழித்துக்கொள்வான். இது என்ன, இது எப்படி என்று தன் வயிற்றையே சுற்றிச் சுற்றிப் பார்ப்பான்.

ஒரு மடவை மீன் தூரத்தில் நின்று, "என்ன அக்கா, சௌக்கியமா? எத்தனையாவது மாசம்?" என்றது.

"கிட்டே வா, சொல்றேன்."

வந்தது. அதையும் தின்றான். பிறகு யாரும் கேலி செய்யவில்லை.

பௌர்ணமி கழிந்த விடியலில், நீர் ஏறுகிற நேரம், முகத்துவாரத்துக்கு வெளியே சினையை இறக்கினான். வலியில் மணலைக் கடித்தான். இளவட்ட ஆண்கள் அதன்மேல் விந்துப் பால் விட்டன. முட்டைகள் பொன் தூள் மாதிரி மிதந்தன. குஞ்சு பொரித்ததும் ஏற்றத் தண்ணீர் அவற்றைக் காயலுக்குள் தள்ளிக்கொண்டு போய் அலையாத்தி வேர்களுக்கு நடுவில் விட்டது. கருந்துடுப்பனும் பின்னாலேயே வந்தான். இல்லை, வந்தாள். மறுபடி ஆணாகவில்லை.

உலகாயி கேட்டாள்: "பொட்டைக் குஞ்சு எத்தனை?"

கருந்துடுப்பன் வேர் வேராகத் தேடிப் பார்த்தாள். ஆண். இதுவும் ஆண். அப்பன் வயிற்றிலிருந்து வந்ததாலோ என்னவோ, அத்தனையும் ஆண்.

"போச்சு ஆத்தா. இத்தனை பாடும் வீணாப் போச்சு. இதுங்களோட முடிஞ்சது எங்க கூட்டம்."

உலகாயி பறியைக் கரையில் வைத்தாள். ஒரு குஞ்சைக் கைத் தண்ணீரோடு அள்ளி வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி உடம்பு, உள்ளே எல்லாம் தெரிந்தது. வயிற்றின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு மஞ்சள் நூல்.

"இது என்ன?"

கருந்துடுப்பன் எக்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"செங்கண்ணியோட சினை" என்றாள். "ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

"அப்ப ஏன் சும்மா கிடக்கு?"

"இந்த உடம்பு தாங்காதே. அதுக்குத் தெரியுது போல. தூங்குது."

குஞ்சுகள் கழியில் வளர்ந்தன. இறால் தின்றன, சண்டை போட்டன, இளவட்டமாகிப் பால் விட்டன. ஆண்களாகவே இருந்தன. கருந்துடுப்பன் வருஷா வருஷம் தனியாகச் சினை சுமந்தாள். மூப்பு வந்தது. எந்த நூலும் விழிக்கவில்லை. அடுத்த வெள்ளம்வரை உயிரோடு இருப்போமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வெள்ளத்தில், கூட்டத்திலேயே பெருத்த ஒருவன் முகத்துவாரத்தில் திடீரென்று நின்றான்.

"என்னடா?"

"வயித்துல ஏதோ முழிச்சுக்கிச்சு" என்றான் அவன். குரலில் பயம்.

கருந்துடுப்பன் அவன் வயிற்றில் மூக்கை வைத்துப் பார்த்தாள். பிறகு அவனுக்கு ஒட்டினாற்போல் வந்து நின்றாள்.

"பயப்படாதே. பசிக்கும், தின்னு. வலிக்கும், மணலைக் கடிச்சுக்க. வா, போவோம்."

இருவரும் உப்பைப் பார்த்து நீந்தினார்கள்.

அன்று முதல்தான், சின்னக் கொடுவாவை எத்தனை அறுத்தாலும் சினை கிடைப்பதில்லை. பெருத்ததை அறுத்தால்தான் கிடைக்கிறது, அதுவும் ஒரு காலத்தில் ஆணாக இருந்ததுதான்.