சேனாதிபதி வீட்டுத் தூண்கள்

முன்னொரு காலத்தில் செம்மலை நாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டான். காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவான். சண்டை என்ற ஒன்றில் மட்டும் பேச்சு மாறமாட்டான்.

ஆற்றுக்கு அக்கரையில் கருங்காடு நாடு. இரும்புக்கல் செம்மலையில் கிடந்தது. அதை உருக்கும் கரி அவர்கள் காட்டில் இருந்தது. பன்னிரண்டு வருஷச் சண்டை ஓய்ந்தும் ஆற்றுத்துறை திறக்கவில்லை. கலப்பைக்கு இரும்புக் கொழு கிடைக்காமல் ஜனங்கள் கம்பால் நிலத்தைக் கீறினார்கள்.

ஒருநாள் கருங்காட்டுத் தூதர் சபைக்கு வந்து, கல் கொடுத்துக் கரி வாங்கிக்கொள்ளலாமே என்று பணிவாகக் கேட்டார். சேனாதிபதி கொம்பையன் சிரித்தான். நம் நாட்டில் இல்லாதது எதுவுமில்லை, அடுத்த மாதமே படை கிளம்பும் என்றான்.

சபை ஓரத்தில் கொல்லர் தெரு ஆவுடை நின்றிருந்தாள். புருஷனைச் சண்டையில் பறிகொடுத்தவள். ஒற்றை மகன் சுடலையையும் படைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அவனை விடச் சொல்லிக் கேட்க வந்தவள், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சபை நடுவே வந்து நின்றாள்.

“கரியில்லாமல் ஈட்டியை எதில் காய்ச்சுவீர்கள் சேனாதிபதி, உங்கள் வாய்ச்சூட்டிலா?”

ராஜாவுக்கு அவள் துணிச்சல் வேடிக்கையாக இருந்தது. கருங்காட்டுப் பொருள் ஒரு சிட்டிகைகூடச் சேராமல் பத்து நாளில் ஒரு வாள் செய்தால் மகனை விடுவதாகவும், தவறினால் அவன் முதல் வரிசையில் நிற்பான் என்றும் சொன்னான்.

ஆவுடை ஒன்றே ஒன்று கேட்டாள். “நம் நாட்டில் நல்ல மரம் எங்கே இருந்தாலும் வெட்டிக்கொள்ள முத்திரை போட்ட ஓலை வேண்டும், ராஜா.”

“ஒரு குச்சிக்கு ஓலையா? கொடுங்கள்.”

ஐந்தாம் நாள் கொம்பையன் தலைப்பாகை இல்லாமல் சபைக்கு ஓடிவந்தான். “என் வீட்டைப் பிரிக்கிறாள் ராஜா. பதினாறு தூணும் போச்சு, கூரை முற்றத்தில் கிடக்கிறது.”

ஆவுடையை இழுத்துவந்தார்கள். அவள் கொம்பையனைக் கைகாட்டினாள். “எதிரி ஒளிவான் என்று நம் காட்டையெல்லாம் கொளுத்தச் சொன்னது இவர்தானே? கரி சுட வைரம் பாய்ந்த மரம் இனி இவர் வீட்டில்தான் இருக்கிறது. நான் எங்கே போவேன்?”

பத்தாம் நாள் வாளைக் கொண்டுவந்து வைத்தாள். அரிவாள்மனை அலகு நீளம்கூட இல்லை.

“பதினாறு தூணுக்கு இவ்வளவுதான் வரும். ஆயிரம் ஈட்டிக்கு அரண்மனைக் கதவு, கட்டில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் சிம்மாசனம் எல்லாம் வேண்டும். ஓலை இன்னும் என் மடியில்தான் இருக்கிறது.”

ராஜா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டான். சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“சரி, நீயே வழி சொல்.”

“ஆற்று நடுத் திட்டில் ஒரே உலை. கல் நம்முடையது, கரி அவர்களுடையது. துருத்திக்கு இக்கரை ஆள் ஒருவர், அக்கரை ஆள் ஒருவர். எவன் திருட்டுத்தனமாக ஈட்டி அடித்தாலும் இரும்பு ஆறுவதற்குள் மற்றவனுக்குத் தெரிந்துவிடும்.”

பதிலுக்காகத் தங்கியிருந்த தூதர் அங்கேயே சம்மதித்தார். ராஜா சுடலையை விடுவித்தான். கொம்பையனைத் துருத்தி ஊத அனுப்பினான். ஆவுடைக்குத் தன் கைக்காப்பைக் கழற்றி நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. “இந்த யோசனையைப் பன்னிரண்டு வருஷம் முன்னால் என் புருஷன் இதே இடத்தில் நின்று சொன்னார். கோழை என்று சொல்லி முதல் வரிசைக்கு அனுப்பினீர்கள். ஞாபகம் இருக்கிறதா?”

ராஜா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டான்.

உலை எரிந்த மூன்றாம் மாதம், திட்டில் ஒரே கூச்சல் என்று சேதி வந்தது. சண்டை மூண்டதென்று ராஜா படகில் விரைந்தான். அங்கே ஆவுடையும் அக்கரையிலிருந்து வந்த கரிக்காரி ஒருத்தியும் கரி ஈரமா இல்லையா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரிக்காரியும் சண்டையில் தாலி இழந்தவள். அவர்கள் நடுவே சுடலை கொழுக்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“என்ன சண்டை இது?” என்றான் ராஜா.

ஆவுடை திரும்பியும் பார்க்கவில்லை. “நாங்கள் போட வேண்டிய சண்டை இதுதான். நீங்கள் போங்கள், ராஜா.”