வெறுங்கை நடை

மலையடிவாரத்து மடத்தில் சீடர்களிலேயே மூத்தவர் ஆவுடையப்பர். குருவையும்விட அவருக்கு வயது கூடுதல். அரண்மனைக்குக் கோட்டைச் சுவர் எழுப்பிய மேற்பார்வையாளர். தலை முழுக்க நரைத்த பிறகு, இனிப் போதும் என்று மடத்துக்கு வந்தவர். ஆனால் வேலை அவரை விட்டபாடில்லை. யாராவது சும்மா நிற்பதைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

மடத்தை ஒட்டிப் பெரிய குளம் ஒன்று இருந்தது. கரைக்குக் கீழே வயல். வயலுக்கு அப்பால் ஊர். முந்தைய ஆண்டு மழையில் கரை பல இடங்களில் கரைந்து தாழ்ந்துபோயிருந்தது. ஐப்பசி மழைக்குள் அதை உயர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கு ஆபத்து. அந்தப் பொறுப்பைக் குரு ஆவுடையப்பரிடம் ஒப்படைத்தார்.

ஊர்க்காரர்கள் மண் வெட்டினார்கள், சுமந்தார்கள், கொட்டி மிதித்தார்கள். யாரும் சோம்பவில்லை. ஆனாலும் ஒன்று மட்டும் ஆவுடையப்பருக்குப் பொறுக்கவில்லை.

வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே அவர்கள் மண்வெட்டியையும் கூடையையும் கீழே வைத்துவிடுவார்கள். பிறகு எல்லோருமாகக் கரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வெறுங்கையோடு நடப்பார்கள். குருவும் கூடவே நடப்பார். ஒருவர் நின்று தண்ணீரைப் பார்ப்பார். இன்னொருவர் பேச்சுவாக்கில் குதிகாலால் எதையோ மிதித்து மூடுவார். காலையில் சண்டை போட்டுக்கொண்டவர்கள் திரும்பி வரும்போது பேசிக்கொண்டு வருவார்கள். வீடு சேர்வதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும்.

ஒருநாள் ஆவுடையப்பர் கேட்டேவிட்டார்.

"இது எதற்கு, சுவாமி?"

"எது?"

"இந்த நடை."

"என் குரு நடந்தார். நான் பின்னால் போனேன்."

"அவர் எதற்கு நடந்தார்?"

"அவருடைய குரு நடந்திருப்பார்."

"நீங்கள் கேட்கவில்லையா?"

"கேட்கத் தோன்றவில்லை."

ஆவுடையப்பர் கரையைக் காட்டினார். "நடக்கிற நேரத்தில் மண் போட்டால், மழைக்கு வெகு முன்பே வேலை முடிந்துவிடும். எத்தனை பேருடைய நேரம், பாருங்கள்!"

குரு சற்று யோசித்தார். "நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. அப்படியே செய்யுங்கள்."

மறுநாள் மாலை யாரும் கூடையைக் கீழே வைக்கக் கூடாது என்று ஆவுடையப்பர் சொன்னார். குளத்து மடையைத் திறந்து மூடும் மாடக்கண்ணு முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன பெரியவரே, நடக்குறதுக்கும் இனிமே அரண்மனையில உத்தரவு வாங்கணுமோ?"

"நடக்க ஆசையிருந்தால் தலையில் கூடையோடு நட."

"கூடையோட போனா முன்னால போறவன் முதுகுதான் தெரியும். அதுவும் நம்ம கோமதிநாயகம் முதுகு! களத்துமேடு மாதிரி கெடக்கு. அதை எவ்வளவு நேரம்யா பார்க்குறது?"

எல்லோரும் சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்தான். ஆவுடையப்பருக்கும் உதடு லேசாக அசைந்தது. ஆனால் சொன்ன சொல்லை அவர் மாற்றவில்லை.

அன்றோடு நடை நின்றது.

புரட்டாசி முடிவதற்குள் கரை எழும்பிவிட்டது. இத்தனை சீக்கிரம் எந்த ஆண்டும் முடிந்ததில்லை என்று ஊரே பேசியது. ஆவுடையப்பர் தனியாகக் கரைமேல் நின்று பார்த்தார். கோட்டைச் சுவர் எழுப்பியபோதுகூட அவருக்கு இவ்வளவு நிறைவு இருந்ததில்லை.

மழை வந்தது. விடாமல் பெய்தது. குளம் நிரம்பியது.

ஒரு விடியற்காலையில், மடைக்குப் பக்கத்தில் கரையின் வெளிச்சரிவிலிருந்து கலங்கல் நீர் பீறிட்டது. கரையில் நண்டு குடைந்த வளை. விரல் பருமனில் வந்த நீர், ஆட்கள் கூடுவதற்குள் கை பருமன் ஆகிவிட்டது. மடையைத் திறந்துவிட்டால் குளத்தில் நீர் இறங்கும், கரை தப்பிக்கும் என்று மாடக்கண்ணு தண்ணீருக்குள் இறங்கினான். மடைப் பலகையில் அவன் கை வைத்த நேரத்தில், அந்த இடத்துக் கரை அப்படியே சரிந்தது.

வெள்ளம் வயலை மூடி, ஊரின் கீழ்த்தெருவைக் கொண்டுபோயிற்று. மற்றவர்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். நீர் வடிந்த பிறகு மாடக்கண்ணுவை வயலில் கண்டெடுத்தார்கள்.

அவன் மனைவி முப்பிடாதி அழவில்லை. உடலின் பக்கத்தில் நின்றவள், வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் பார்வை தன்மேல் வருவதற்குள் ஆவுடையப்பர் அங்கிருந்து நகர்ந்துவிட்டார்.

நேராகக் குருவிடம் போனார்.

"அந்த நடை நண்டு வளைகளைக் கண்டு மூடத்தான். உங்களுக்குத் தெரியுமா, சுவாமி?"

"தெரியாது."

"தெரிந்திருந்தால் என்னைத் தடுத்திருப்பீர்கள்."

"தெரியாமலே தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை."

ஆவுடையப்பர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார்.

கார்த்திகையிலும் மழை உண்டு. அதற்குள் உடைப்பை அடைத்தாக வேண்டும். ஊர்க்காரர்கள் வந்து வேலை செய்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. யார் முதுகைப் பற்றியும் யாரும் பேசவில்லை. ஆவுடையப்பர் மற்றவர்களைவிட முன்னதாக வந்து, எல்லோரும் போன பிறகே போனார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார்.

மாலை நடையை அவர் மறுபடி தொடங்கினார். ஆனால் மற்றவர்களை அழைக்கவில்லை. அவர்கள் மண் போடட்டும். தப்பு தன்னுடையது, நடையும் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று நினைத்தார். ஒரு கையில் கம்பு; மறு கையில் ஒரு கூடை களிமண். குனிந்த தலை நிமிராமல், சரிவில் ஒவ்வோர் அடியாகக் குத்திப் பார்ப்பார். வளை கண்ட இடத்தில் களிமண்ணைத் திணித்து இடிப்பார். ஒரு சாண் இடத்தையும் விடமாட்டார்.

ஒருநாள் அப்படிப் போய்த் திரும்பியபோது, கரை முடியும் இடத்தில் குரு நின்றுகொண்டிருந்தார். அவரும் அன்று கரைமேல் நடந்துவிட்டு வந்திருந்தார். கையில் ஒன்றும் இல்லை.

ஆவுடையப்பர் கூடையை இறக்கி வைத்தார்.

"இனி இந்தக் கரை உடையாது, சுவாமி."

"நன்றாகப் பார்த்தீர்களா?"

"ஒவ்வோர் அடியும் பார்த்தேன்."

"என்ன இருந்தது?"

"மடைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வளை. புதிது. அடைத்துவிட்டேன்."

"வேறு?"

"வேறொன்றும் இல்லை."

"அங்கே யாராவது இருந்தார்களா?"

ஆவுடையப்பர் யோசித்தார். கம்பு பட்ட மண், களிமண்ணின் ஈரம், வளையின் வாய், எல்லாம் நினைவுக்கு வந்தன.

"இல்லை, சுவாமி. யாரும் இல்லை."

குரு குளத்தைப் பார்த்தார். பிறகு ஆவுடையப்பரைப் பார்த்தார்.

"முப்பிடாதி இருந்தாள். நீங்கள் அடைத்த வளைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். உங்கள் கம்பு அவள் கால்வரை வந்தபோது, எழுந்து வழிவிட்டாள்."