எஞ்சின் எங்கே?

நாகர்கோவிலில் தங்கபுஷ்பம் என்று ஒருத்தி. பழைய சைக்கிள்களை வெட்டி ஒட்டி, கூரையில் சோலார் தகடு மாட்டி, ஒரு மூணு சக்கர வண்டி செய்தாள். வெயிலடித்தால் மோட்டார் ஓட்டும். மேகம் மூடினால் அவளே பெடலை மிதிக்கணும். அதிலேயே காஷ்மீருக்குக் கிளம்பியவளை மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் மறித்தார் வாகன ஆய்வாளர் பரமானந்தம். தகர டிரம்மில் கல்லை உருட்டியது போன்ற குரல் அவருக்கு.

"எஞ்சின் எங்கே? அது பேர் என்னன்னு எழுதணும். காட்டலேன்னா வண்டி உள்ளே, நீ பஸ்ஸில வீட்டுக்கு."

தங்கபுஷ்பம் அண்ணாந்து பார்த்தாள். வானம் கருகருவென்று கிடந்தது.

"ஏறி மிதிங்க சார், தானா தெரியும்."

லாரிக்காரர்கள் அதற்குள் கூடிவிட்டார்கள். மறுத்தால் மானம் போய்விடுமே என்று ஆய்வாளர் ஏறி மிதித்தார். வண்டி நகர்ந்தது. சாவடியை ஒரு சுற்று சுற்றுவதற்குள் அவருக்குத் துருத்தி மாதிரி மூச்சு வாங்கியது.

"வெயில் இல்லாதப்போ மிதிக்கிற ஆள்தான் சார் எஞ்சின். பேர் உங்க சட்டையிலயே குத்தியிருக்கு, எழுதிக்கோங்க. பிடிச்சு உள்ளே வைக்கிறதுன்னாலும் நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

லாரிக்காரர்கள் சிரித்த சிரிப்பு ஆய்வாளரையும் தொற்றிக்கொண்டது. தடுப்புக் கம்பத்தை அவரே தூக்கிவிட்டார்.

"போம்மா. அதுக்கு முன்னாடி இந்த எஞ்சினுக்கு ஒரு டீ ஊத்திட்டுப் போ."