பூசணி இழுத்த மந்திரி

எரியும் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. பொய்யென்றால் இனி எனக்கு வாய்க்கும் பாயசத்தில் முந்திரியே இல்லாமல் போகட்டும்.

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு மாட்டுவண்டிப் பந்தயம் சலித்துப்போயிற்று. "பூசணி என்று பேர் வைத்த நம் நாய் சும்மா தின்று கொழுக்கிறதே! திருவிழாவில் வண்டி இழுத்து வெல்லட்டும். அன்று மாலையே அரசியாரோடு அவைக்குள் அன்னம்போல் நடந்து வரட்டும்" என்றார்.

இழுக்கப் பழகிய நாய் எப்போதும் இழுக்கும், அன்னநடை போடாது என்பது மந்திரி சடைக்கூத்தரின் கணக்கு. "இதற்கு நம் விகடர் கொழுந்தப்பரை விட்டால் ஆள் ஏது, அரசே? தவறினால் அவர் பதவியை என் மைத்துனனுக்குத் தரலாம்." அரசரும் தலையாட்டிவிட்டார்.

கொழுந்தப்பர் கயிற்றைப் பிடித்த அன்றே பூசணி அவருக்குக் கடைத்தெருவைச் சுற்றிக் காட்டியது, தரையோடு தரையாக.

"என்ன விகடரே, நாயை நீர் மேய்க்கிறீரா, நாய் உம்மை மேய்க்குதா?" என்றாள் மோர்க்காரி.

"பழக்கம் நடக்குதும்மா. யாருக்குன்னுதான் இன்னும் தெரியல."

வீட்டு வாசலில் மனைவி செங்கமலம் மேலும் கீழும் பார்த்தாள். "வேட்டி எங்கே?"

"பூசணி கொண்டுபோயிடுச்சு."

"முதல்ல அந்தத் தலைப்பாகையைக் கழட்டிட்டு உள்ளே வாங்க!"

கழற்றினார், வாயும் மூடிக்கொண்டது. அப்போதுதான் பொறி தட்டியது. தலைப்பாகை ஏறினால் அவர் அவையில் வாயாடி, இறங்கினால் வீட்டில் ஊமை. தமக்கே வந்த புத்தி நாய்க்கு வராதா?

மார்பில் தோல்பட்டை கட்டி, "ஹோய்!" என்றால் இழுக்க வேண்டும்; கட்டையை இழுத்தால் கறித்துண்டு. கழுத்தில் கயிறு கட்டினால் நடக்க வேண்டும். கயிறு விறைத்ததும் கொழுந்தப்பர் கம்பமாக நின்றுவிடுவார். தளர்ந்தால்தான் அடுத்த அடி. அப்படி நின்ற நேரத்தில் யாரோ அவர் காலில் ஆட்டைக் கட்டிவிட்டுச் சந்தைக்குப் போனதும் உண்டு.

திருவிழாவில் பூசணி வென்றது. மாலையில் அவை கூடியது. அரசியார் வருவதற்குள் சடைக்கூத்தர் நைசாகப் பட்டையை மறுபடி நாயின் மார்பில் மாட்டி, கயிற்றை அதில் கோத்துவிட்டார். அரசியார் கயிற்றைக் கையில் எடுத்த பிறகே கொழுந்தப்பர் அதைக் கண்டார். அரசியார் விழுந்தால் பதவி மட்டுமா போகும்? தலைப்பாகை வைக்க இடமும் போகும்.

குனிந்து வணங்கினார். "அரசே, பந்தயத்தில் பட்டை கட்டிய கைக்கே வெற்றிமாலை என்பது வழக்கம். இப்போது இதைக் கட்டிய புண்ணியவான் யாரோ?"

மாலை என்றதும் மந்திரியால் பொறுக்க முடியவில்லை. "அடியேன்தான்!"

"அப்படியானால் கயிறும் தங்களுக்கே உரியது." அரசியார் கயிற்றைத் தந்தார். மந்திரி அதைப் பெருமையாகக் கையில் சுற்றிக்கொண்டார்.

"ஹோய்!"

மந்திரியார் அவ்வளவு வேகமாகக் காரியம் பார்த்து அந்த அவை கண்டதில்லை. வாசல் தாண்டி, படி தாண்டி, யானைத் தொட்டிக்குள் போய்த்தான் நின்றார்.

பூசணி மட்டும் திரும்பி வந்தது. கொழுந்தப்பர் பட்டையைக் கழற்றி, கழுத்தில் கயிறு கட்டி, அரசியாரிடம் நீட்டினார். கயிறு பூமாலைபோல் தொய்ய, பூசணி அன்னநடை போட்டது.

அரசர் கிரீடம் சரியச் சிரித்தார். "கேளும், என்ன வேண்டும்?"

"வேட்டி, அரசே. வீட்டில் முழுசாக ஒன்றுமில்லை."

ஒரு வண்டி நிறைய வேட்டி கொடுத்தார். அதை இழுத்து வந்ததும் பூசணிதான்.

மற்றபடி எல்லாம் சத்தியம்; பூசணி மட்டும் நாய் இல்லை, ஒரு பூனை. போகட்டும், எனக்கு முந்திரி பிடிக்காது.