பெருச்சாளி வீட்டுக் கூரை

பெருச்சாளிக்கு ஞாபகசக்தி கிடையாது என்று பலர் நம்பி வருகிறார்கள். குழந்தைகளே, இது மிகவும் கவலைக்குரிய பிழை, உடனே திருத்திக்கொள்ளுங்கள். பெருச்சாளிக்கு ஞாபகம் அதிகம். தேவைக்கும் அதிகம்.

ஒரு காட்டின் ஓரத்தில், வாய்க்காலை ஒட்டிய கடலைக் கொல்லையில், அப்படி ஒரு பெருச்சாளி வளை தோண்டிக் குடும்பத்தோடு வாழ்ந்தது. ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் ஒரு யானை மலையிலிருந்து இறங்கிவந்து, சில நாட்கள் அந்த வளைக்கு மேலே நடந்துதான் குளத்துக்குப் போகும்.

"போன வருடம் நம் வீடு எப்படி இருந்தது!" என்று பெருச்சாளி பெருமூச்சு விட்டது. "தலைக்கு மேல் யானை போனது. குட்டிகள் ஐந்தும் புரண்டுகூடப் படுக்கவில்லை. மண்ணில்தான் என்ன வாசனை! அதெல்லாம் ஒரு காலம்."

"அந்தக் காலம் இருக்கட்டும். இந்தக் கூரையைப் பாருங்கள்" என்றது மனைவி.

இந்த வருடம் தூறலே இல்லை. காய்ந்த மணல் குட்டிகளின் முதுகில் பொலபொலவென்று உதிர்ந்தது. நாளை யானை வந்துவிடும்.

பெருச்சாளி வாய்க்கால் நண்டிடம் ஓடியது.

"அண்ணே, போன வருடம் தூறல் விழுந்தது, கூரை நின்றது. அப்படியானால் தண்ணீர்தானே மருந்து?"

"ஆமாம் தம்பி. வாயில் கொஞ்சம் கொண்டுபோய்த் தெளி. லேசான ஈரம் இருந்தால் மணலும் மணலும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்தால் பிடியை விட்டுவிடும்."

நண்டு ஈர மண்ணை உருட்டிக் கரையில் வைத்தது. உருண்டை நின்றது. அதையே தண்ணீரில் போட்டது. கரைந்துபோனது.

உருண்டை கரைந்ததைப் பெருச்சாளி பார்க்கவில்லை. அது போன வருடத்தை நினைத்துக்கொண்டிருந்தது.

"ஒரு தூறலுக்கே அவ்வளவு உறுதி என்றால், ஒரு வாய்க்காலுக்கு எவ்வளவு இருக்கும்!" என்று சொல்லிக்கொண்டே போய் வாய்க்கால் கரையைப் பறித்து உடைத்துவிட்டது. தண்ணீர் கொல்லைக்குள் பாய்ந்தது.

"ஐயோ, கூரை தொங்குகிறது!" என்று மனைவி அலறியது.

"இறுகுகிறது" என்றது பெருச்சாளி.

மனைவி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வி வெளியே போட்டது. ஐந்தாவது குட்டியின் வால் வெளியே வந்ததும் கூரை கூழாகி விழுந்தது. யானை இன்னும் மலையைவிட்டுப் புறப்படவே இல்லை.

குடும்பம் அன்றே மூங்கில் புதருக்குக் குடிபோனது.

மறுநாள் யானை வந்தது. அதன் முன்னங்கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்தது. காலைப் பிடுங்கிக்கொண்ட யானை, அன்று முதல் மூங்கில் புதர் வழியாகக் குளத்துக்குப் போகத் தொடங்கியது.

நீதி: கொஞ்சமாக இருந்து காப்பாற்றிய ஒன்று, நிறைய இருந்தால் இன்னும் நன்றாகக் காப்பாற்றும் என்று எண்ணிவிடாதே.