கோட்டைக் காவலனின் கொலுசு

முன்னொரு காலத்திலே, கழுதைக்குக் கொம்பு முளைக்குமா முளைக்காதா என்று ஊரே கூடிப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்த காலத்திலே, மஞ்சனூர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ஊர்க் கோட்டைக் கதவுக்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. "திற மகளே, திற!" என்று காவலன் வீரபாகு குரல் கொடுத்தால் திறக்கும். "மூடு மகளே, மூடு!" என்றால் மூடும். வேறு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாது. ராஜாவே கத்திப் பார்த்துவிட்டு, இருமிக்கொண்டே அரண்மனைக்குத் திரும்பியிருக்கிறார்.

வீரபாகுவுக்கு மீசை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை. தோள் இரண்டும் தேக்கு மரம். அப்பேர்ப்பட்டவனுக்கு ஓர் ஆசை: சேலை கட்டிக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்கிறீர்களா? எனக்கு அடுத்தவர் விஷயம் தெரியாவிட்டால் சோறு இறங்காது, அதனால் நானும் கேட்டேன். "கட்டினா மனசு லேசாகுது" என்றான். அவ்வளவுதான்.

இது அவன் மனைவி தையல்நாயகிக்குத் தெரிந்துபோயிற்று. முதலில் அழுதாள். பிறகு பாத்திரங்களை உருட்டினாள். கடைசியில் ஒரு கட்டளை போட்டாள்.

"எனக்குப் பிடிக்கலைங்க. ஆனா நீங்க விடவும் மாட்டீங்க. சேலை மட்டும், உள் அறையில, கதவைச் சாத்திக்கிட்டு. வளையல் கூடாது. சவுரி கூடாது. கொலுசு கூடவே கூடாது!"

"கொலுசு மட்டும் ஏன் கூடவே கூடாது?"

"சத்தம் கேட்குமே! தெருவே சிரிக்குமே!"

"சரி" என்று தலையை ஆட்டினான் வீரபாகு. ஆட்டிய தலை நிற்பதற்குள் வளையல் வாங்கினான், சவுரி வாங்கினான், கயிற்றில் கால் அளவெடுத்துக்கொண்டு போய் ஆசாரியிடம் கொலுசும் செய்யச் சொன்னான். "யானைக்கா?" என்று கேட்டார் ஆசாரி. "ஆமாம், குட்டி யானைக்கு" என்றான்.

எல்லாவற்றையும் கோட்டை வாசலுக்கு மேலே இருந்த அறையில், கிழிந்த பழைய முரசுக்குள் ஒளித்து வைத்தான். உச்சி வெயிலில் கதவு மூடியிருக்கும் நேரம் மேலே ஏறுவான். போட்டுக்கொள்வான். நடப்பான். ஜல், ஜல், ஜல். கீழே இறங்கும்போது மனசு உறுத்தும். சொல்லிவிடலாமா? சொன்னால் அந்தச் சேலையும் போய்விடுமே! வாயை மூடிக்கொள்வான்.

இப்படி இருக்கையில், குடுக்கைச் சடையன் என்ற மந்திரவாதி ஊருக்குள் வந்தான். இடுப்பில் ஒரு சுரைக்குடுக்கை. "ராஜாவே, உங்கள் ஊர்த் திருட்டுப் பொருளையெல்லாம் சந்தைத் திடலுக்கு வரவழைக்கிறேன்" என்றான். ராஜாவும் யோசிக்காமல் சரி என்றார்.

சடையன் எல்லாரையும் திடலில் கூட்டினான். அரண்மனைக்காரர், மனைவிமார், வாசல் காவலன், ஒருவர் பாக்கியில்லை. பிறகுதான் உண்மையான மந்திரத்தைச் சொன்னான்.

"ஒளித்த பொருளெல்லாம் இங்கே வரும். மூன்று தடவை கூப்பிடும். ஒளித்தவர் வாய் திறக்காவிட்டால் அவர் குரல் என் குடுக்கைக்குள். தனதில்லாததைத் தனது என்று பொய் சொன்னால் அந்தக் குரலும் என் குடுக்கைக்குள். உரியவர் தானாக வந்து எடுத்துக்கொண்டால் என் குடுக்கை உடைந்துபோகும். ஆனால் யார் வரப்போகிறீர்கள்? ஹ ஹ ஹா!"

அவன் கண் வைத்தது ஒரே ஒரு குரல்மேல்தான். வீரபாகுவின் குரல் கிடைத்தால் கோட்டைக் கதவு அவன் சொன்னபடி திறக்கும். நாடு அவன் காலடியில்.

முதலில் ஒரு அதிரச ஜாடி உருண்டு உருண்டு வந்தது. "என்னை ஒளித்தவர் யார்?" என்று மூன்று தடவை கேட்டது. வைத்தியர் இனிப்புக்குத் தடை போட்டிருந்த மந்திரி, வானத்தைப் பார்த்தார். அவர் குரல் புகையாகக் கிளம்பிக் குடுக்கைக்குள் போயிற்று.

அடுத்து ஒரு துணிப்பொம்மை தத்தித் தத்தி வந்தது. "என்னை ஒளித்தவர் யார்?" ஊர்ப் பயில்வான் தரையைப் பார்த்தான். அவன் குரலும் போயிற்று.

மூன்றாவதாக வந்தது எது தெரியுமா? ஜல், ஜல், ஜல். ஜோடிக் கொலுசு குதித்துக் குதித்து வந்து நடுத்திடலில் நின்றது.

"என்னை ஒளித்தவர் யார்?"

தையல்நாயகி அந்தக் கொலுசின் அகலத்தைப் பார்த்தாள். வெளிறிப்போன புருஷன் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"என்னை ஒளித்தவர் யார்?"

"என்னோடதுதான்!" என்று முன்னால் வந்தாள் தையல்நாயகி.

"போட்டுக் காட்டு" என்றான் சடையன்.

போட்டாள். கொலுசு அவள் காலைச் சுற்றித் தொளதொளவென்று விழுந்தது. அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவள் குரல் புகையாகக் குடுக்கைக்குள் போய்க்கொண்டிருந்தது.

வீரபாகு அந்தப் புகையையே பார்த்தான். விடிந்ததிலிருந்து வீட்டை நிறைக்கிற குரல் அது. அவனைத் திட்டுகிற குரல், சாப்பிடக் கூப்பிடுகிற குரல். பிடிக்காத விஷயத்துக்காக அதையே கொடுத்துவிட்டாளே! அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொலுசு மூன்றாம் தடவை கேட்க ஆரம்பித்தது. "என்னை ஒளித்த..."

"நான்தான்!" கோட்டை வாசலில் கொடுக்கிற அதே குரல். "அது என் கொலுசு. எனக்குத்தான் செய்யச் சொன்னேன்."

கூட்டம் திகைத்தது. வீரபாகு குனிந்து மனைவியின் காலிலிருந்து கொலுசைக் கழற்றினான், தன் காலில் மாட்டினான். கனகச்சிதம். சடையனை நோக்கி நடந்தான். ஜல், ஜல், ஜல். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். அவன் நிற்கவில்லை.

டமார்! குடுக்கை உடைந்தது. குரல்கள் பறந்தன. மந்திரம் போன மந்திரவாதி, எடுத்தான் ஓட்டம், இன்னும் நிற்கவில்லை.

திரும்பி வந்த குரலில் தையல்நாயகி சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"கொலுசு கூடவே கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

அதைக் கேட்டு வீரபாகு தேம்பித் தேம்பிச் சிரித்தான்.

ராஜா விவரம் அறிந்து, "நாட்டைக் காத்தாய், வேண்டியதைக் கேள்" என்றார்.

"கதவுக்கு மேலே இருக்கிற அறைக்கு உள்தாழ்ப்பாள் ஒண்ணு போதும், ராஜா."

தாழ்ப்பாளே இல்லாத கோட்டையில் அன்றைக்கே ஒரு தாழ்ப்பாள் வந்தது.

வீடு திரும்பும் வழியில் வீரபாகு கேட்டான்: "ஏன் தையல் உன்னோடதுன்னு சொன்னே?"

"உங்களைப் பார்த்து ஊர் சிரிச்சா எனக்குத் தாங்காதுங்க. அதுக்குத்தான் கொலுசு வேண்டாம்னேன். அதுக்காகவேதான் என்னோடதுன்னும் சொன்னேன்."

"இப்பப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்கலை. நாளைக்கும் பிடிக்காது."

"மேல ஒரு பழைய முரசுக்குள்ள இன்னும்..." என்று ஆரம்பித்தான்.

"வேண்டாம், சொல்லாதீங்க! எல்லாத்தையும் தெரிஞ்சுக்க எனக்குத் தெம்பு இல்ல. உங்களோடது உங்ககிட்டயே இருக்கட்டும். என்கிட்டப் பொய் மட்டும் வேண்டாம். 'மேல போறேன்'னு சொல்லிட்டுப் போங்க. சாப்பாட்டுக்கு இறங்கிடுங்க."

வீட்டுக்குள் நுழைந்தார்கள். பரணின் விளிம்பில், துணியால் வாய் கட்டிய ஒரு மண்கலயம் விழுவேனா மாட்டேனா என்று ஆடிக்கொண்டிருந்தது. திடலுக்குப் புறப்பட்டு, பாதியில் மந்திரம் அறுந்து நின்றுபோன கலயம். அதை அங்கே ஒளித்தது வீரபாகு இல்லை. தையல்நாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் பரணருகே போனான். எக்கி, கலயத்தை மெதுவாக உள்ளே தள்ளி வைத்தான். "பசிக்குது தையல்" என்றான்.

கொலுசு மேலறையில், கலயம் பரணில், அவர்கள் இருவரும் கீழே சௌக்கியமாக வாழ்ந்தார்கள். கலயத்தில் என்ன இருந்தது? அதைக் கேட்க நான் அவர்கள் வீட்டுக்கே போனேன். தையல்நாயகி என் கையில் ஒரு அதிரசத்தைக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டாள்.